சீனச் சட்டம் படித்தவர்கள் நமக்கு ஏன் வேண்டும்

உகாண்டாவின் எண்டெபே விமான நிலையத்தைச் சீனா எடுத்துக்கொள்ளப்போகிறது என்று 2021 நவம்பரில் ஒரு செய்தி உலகம் முழுக்கப் பரவியது. வாங்கிய கடனுக்காக நாட்டின் வாசலையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று ஊடகங்கள் கொதித்தன. இரண்டு அரசுகளும் மறுத்தன. ஆனால் ஒப்பந்தத்தை வெளியில் யாரும் பார்த்ததில்லை. அதனால் செய்தியை நம்பவும் ஆதாரம் இல்லை, மறுப்பை நம்பவும் ஆதாரம் இல்லை.

2022 பிப்ரவரியில், அமெரிக்காவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் இயங்கும் எய்ட்டேட்டா என்ற ஆய்வுக்கூடம் அந்த ஒப்பந்தத்தை வெளியிட்டது. 2015இல் சீன அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கி கொடுத்த 20 கோடி டாலர் கடன் அது. படித்துப் பார்த்தால், விமான நிலையம் எங்கும் அடமானம் வைக்கப்படவில்லை. ஆனால் அதைவிடக் கவனிக்க வேண்டிய வேறு சங்கதிகள் இருந்தன. விமான நிலையத்தின் வருமானம் ஒரு தனிக் கணக்கில் சேர வேண்டும், கடன் தவணைக்கே முதல் உரிமை. ஒப்பந்தத்துக்குப் பொருந்துவது சீனச் சட்டம். தகராறு வந்தால் தீர்க்க வேண்டிய இடம், பெய்ஜிங்கில் உள்ள சியெட்டாக் என்ற நடுவர் ஆணையம்.

கையெழுத்துப் போட்ட மேசையில் உகாண்டா தரப்பில் சீன ஒப்பந்தச் சட்டத்தைப் படித்தவர் ஒருவராவது உட்கார்ந்திருந்தாரா? சீனாவிடம் கடன் வாங்கிய இலங்கை, கென்யா, ஜாம்பியா தரப்பில்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர்களை உருவாக்குவதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. நம் ஊர்ச் சட்டக் கல்லூரிகளில் அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஆங்கிலத்தில் அதற்குப் பல பெயர்கள் உண்டு. தமிழில் சர்வதேச வளர்ச்சிச் சட்டம் என்று சொல்லலாம். அதில் சீனச் சட்டம் படித்து, அதைக் கற்பிப்பவர்களின் கதை தனியானது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன், ஏனென்றால் அந்தத் தொழில் மிகவும் தேவைப்படும் காலத்தில்தான் அதன் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன.

சட்டத்தை ஏற்றுமதி செய்த காலம்

1960களில் அமெரிக்காவில் ஒரு நம்பிக்கை வேரூன்றியது. ஏழை நாடுகள் முன்னேற வேண்டுமானால் பணமும் இயந்திரமும் போதாது, நல்ல சட்டமும் நல்ல வழக்கறிஞர்களும் வேண்டும் என்பது அது. ஃபோர்டு அறக்கட்டளையும் அமெரிக்க அரசின் யுஎஸ்எய்ட் நிறுவனமும் பணம் கொடுத்தன. இளம் பேராசிரியர்கள் பிரேசிலுக்கும் சிலிக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போனார்கள். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் நடப்பது போல மாணவரைக் கேள்வி கேட்டுக் கற்பிக்கும் முறையை அங்கே கொண்டுபோனார்கள்.

பத்தாண்டுகூட அந்த உற்சாகம் தாங்கவில்லை. 1974இல் டேவிட் ட்ரூபெக், மார்க் கலன்ட்டர் என்ற இரண்டு பேராசிரியர்கள் தாங்களே பங்கெடுத்த இயக்கத்தைக் கூண்டில் ஏற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அமெரிக்கச் சமூகத்துக்கு ஏற்ற சட்டப் படத்தை எல்லா நாட்டுக்கும் ஒட்ட முடியாது. சர்வாதிகாரியின் கையில் திறமையான வழக்கறிஞர்களைக் கொடுத்தால் சர்வாதிகாரம்தான் திறமையாகும் என்பது அதன் சாரம். கலன்ட்டர் இந்தியாவில் சாதியும் சட்டமும் மோதும் இடங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ஏட்டில் உள்ள சட்டத்துக்கும் ஊரில் நடப்பதற்கும் உள்ள இடைவெளியை அவர் நம் நாட்டு நீதிமன்றங்களில்தான் நெருங்கிப் பார்த்தார். இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் இன்றைக்கும் முதலில் படிக்க வேண்டியது அந்தக் கட்டுரையைத்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் துறை வேறு வழியில் உயிர்பெற்றது. 1983இல் ரோம் நகரில் சர்வதேச வளர்ச்சிச் சட்ட நிறுவனம் தொடங்கியது. வளரும் நாடுகளின் அரசு வழக்கறிஞர்களுக்குப் பேச்சுவார்த்தை நடத்தவும் ஒப்பந்தம் எழுதவும் பயிற்சி கொடுப்பதுதான் அதன் ஆரம்ப நோக்கம். பன்னாட்டு நிறுவனமோ வங்கியோ பத்து வழக்கறிஞர்களோடு வந்து உட்காரும்போது, எதிரில் ஓர் ஏழை நாட்டு அதிகாரி தனியாக உட்கார்ந்து தடுமாறக் கூடாது என்ற எண்ணம் அது. இன்றைக்கும் இந்தத் தொழிலுக்கு இதைவிட நல்ல நியாயம் எனக்குத் தெரியவில்லை.

உலக வங்கிக்கு ஒரு சிக்கல் இருந்தது. அரசியலில் தலையிடக் கூடாது என்று அதன் அமைப்பு விதியே சொல்கிறது. ஒரு நாட்டின் நீதிமன்றத்தைச் சீர்திருத்துவது அரசியலா, பொருளாதாரமா? அதன் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்த எகிப்தியர் இப்ராஹிம் ஷிஹாட்டா 1990இல் எழுதிய சட்டக் கருத்து வழியைத் திறந்தது. பொருளாதார வளர்ச்சிக்குத் தேவைப்படும் அளவுக்குச் சட்டச் சீர்திருத்தத்தில் வங்கி இறங்கலாம் என்றார் அவர். அதற்குப் பிறகு கடன் சட்டம், திவால் சட்டம், நிலப்பதிவு, நீதிபதிகள் பயிற்சி என்று இந்தத் தொழில் விரிந்தது.

ஒரே நாளில் ஏழு சட்டங்கள்

இந்தத் தொழிலுக்குக் கிடைத்த மிகப் பெரிய மாணவர் சீனா. அந்த மாணவர் வகுப்புக்கு வந்தபோது எந்த நிலையில் இருந்தார் என்பது முக்கியம். 1959இல் சீனா தன் நீதி அமைச்சகத்தையே கலைத்துவிட்டது. கலாசாரப் புரட்சியில் சட்டக் கல்லூரிகள் மூடப்பட்டன, வழக்கறிஞர் தொழில் அழிந்தது. 1979இல்தான் அமைச்சகம் திரும்ப வந்தது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் காங்கிரஸ் ஒரே நாளில் ஏழு சட்டங்களை நிறைவேற்றியது. குற்றவியல் சட்டமும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் அவற்றில் உண்டு. மக்கள் குடியரசு உருவாகி முப்பது ஆண்டு ஆன பிறகுதான் அதற்கு ஒரு குற்றவியல் சட்டத் தொகுப்பு கிடைத்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அந்நிய முதலீட்டுக்கான கூட்டு நிறுவனச் சட்டமும் அன்றே வந்தது. மொத்தம் 15 பிரிவுகள்தான். அதை நம்பித்தான் முதல் வெளிநாட்டு நிறுவனங்கள் பணத்தோடு உள்ளே போயின.

அப்போது பெய்ஜிங்கில் அதிகாரிகளுக்கு ஒப்பந்தச் சட்டம் கற்பிக்கப் போனவர் ஜெரோம் கோஹன். இந்தத் தொழிலின் முழு உருவத்தையும் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமானால் அவரிடம் பார்க்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஏர்ல் வாரன், ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர் என்ற இரண்டு நீதிபதிகளிடம் உதவியாளராக இருந்துவிட்டு பெர்க்லியில் பேராசிரியரானவர். 1960இல், சீனச் சட்டம் படிக்க முன்வருபவருக்கு ராக்ஃபெல்லர் அறக்கட்டளை நிதி தருவதாகச் சொன்னது. பொருத்தமான ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கோஹனுக்குக் கொடுத்த வேலை. யாரும் வரவில்லை. கடைசியில் தானே படிப்பதென்று முடிவெடுத்தார். வயது முப்பது. சீன மொழியை முதல் எழுத்திலிருந்து தொடங்கினார். அமெரிக்கர் சீனாவுக்குள் காலே வைக்க முடியாத காலம் அது. நல்ல வேலையைக் கெடுத்துக்கொள்கிறான் என்று நண்பர்கள் வருந்தினார்கள்.

உள்ளே போக முடியாத நாட்டின் சட்டத்தை எப்படிப் படிப்பது? அவர் ஹாங்காங் போனார். 1963, 64இல் சீனாவிலிருந்து தப்பி வந்தவர்களை உட்கார வைத்துப் பேசினார். எப்படிக் கைது செய்தார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள், விசாரணை என்று ஒன்று நடந்ததா, தெருக் கமிட்டி என்ன செய்தது என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அரசிதழிலும் நாளிதழிலும் கிடைத்த துண்டுத் தகவல்களோடு அவற்றைச் சேர்த்து, சீனக் குற்றவியல் நடைமுறை பற்றிய பெரும் நூலை 1968இல் வெளியிட்டார். சட்டமே அச்சில் இல்லாத இடத்தில் சட்டத்தை அனுபவித்தவர்களின் வாயிலிருந்து எடுத்த நூல் அது. ஹார்வர்டில் கிழக்காசியச் சட்டப் படிப்பை அவர்தான் தொடங்கினார். அங்கே அவரிடம் படித்தவர்களில் மா யிங்-ஜியோ பின்னால் தைவானின் அதிபரானார். அதற்கு முந்தைய ஆட்சியில் துணை அதிபராக இருந்த அனெட் லூவும் ஹார்வர்டில் அவருடைய மாணவிதான். இரண்டு பேரும் எதிரெதிர்க் கட்சிகள். 1990இலிருந்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கற்பித்த கோஹன் 2025 செப்டம்பரில் தன் 95ஆவது வயதில் காலமானார்.

1980களில் போக்குவரத்து பெருகியது. ஃபோர்டு அறக்கட்டளை பண உதவியோடு சீனச் சட்ட ஆசிரியர்கள் அமெரிக்கா போய்ப் படித்தார்கள். 1988இல் அந்த அறக்கட்டளை பெய்ஜிங்கிலேயே அலுவலகம் திறந்தது. ஜெர்மனியும் வந்தது, ஐநாவும் உலக வங்கியும் வந்தன. சீனர்கள் கைநீட்டி வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1978இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்த ஒரு மாணவர், இங்கிலாந்து நீதிபதி டென்னிங் பிரபு எழுதிய நூல் ஒன்றைச் சக மாணவர்களோடு சேர்ந்து சீன மொழியில் பெயர்த்தார். அவர் பெயர் லி கச்சியாங். பின்னால் பத்தாண்டு சீனாவின் பிரதமராக இருந்தார். அந்தத் தலைமுறை எவ்வளவு பசியோடு படித்தது என்பதற்கு இந்த ஒரு தகவல் போதும்.

அவர்கள் எடுத்துக்கொண்டதும் தேர்ந்தெடுத்துத்தான். சிவில் சட்டத்தின் எலும்புக்கூட்டை ஜெர்மனியிடமிருந்தும், வழக்கறிஞர் பயிற்சியில் சிலவற்றை அமெரிக்காவிடமிருந்தும் எடுத்தார்கள். ஒப்பந்தச் சட்டங்கள் மூன்று தனித்தனியாக இருந்தன, 1999இல் ஒன்றாக்கினார்கள். 2021 ஜனவரி 1 முதல் 1,260 பிரிவுகள் கொண்ட முழு சிவில் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. பதினைந்து பிரிவில் தொடங்கிய நாடு நாற்பது ஆண்டில் அங்கே வந்து நின்றது. ஆனால் ஆட்சியைச் சட்டம் கட்டுப்படுத்தும் இடம் வந்ததும், ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி அந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

வகுப்பில் என்ன சொல்லிக் கொடுப்பது

சீனச் சட்டத்தைக் கற்பிப்பவரின் சிரமம் இங்கேதான் தொடங்குகிறது. பிரிவுகளை மட்டும் சொன்னால் மாணவர் ஏமாந்து போவார். எல்லாம் கட்சி சொல்வதுதான், சட்டம் வெறும் காகிதம் என்று சொன்னாலும் ஏமாந்து போவார். இரண்டுக்கும் நடுவில் உண்மை எப்படி இருக்கிறது என்பதை ஒரு சின்ன வழக்கை வைத்துக் காட்டலாம். நான் இந்தத் துறையை யாருக்காவது விளக்க வேண்டுமென்றால் லோயாங் விதை வழக்கைத்தான் எடுப்பேன்.

ஹெனான் மாகாணத்தில் இரண்டு மாவட்ட விதை நிறுவனங்கள். ஒன்று மற்றொன்றுக்கு மக்காச்சோள விதை வளர்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டு, தராமல் விட்டது. நஷ்ட ஈட்டைச் சந்தை விலையில் கணக்கிடுவதா, அரசு வழிகாட்டி விலையில் கணக்கிடுவதா என்பதுதான் பிரச்சினை. நாட்டின் விதைச் சட்டப்படி பார்த்தால் சந்தை விலை. மாகாணத்தின் விதை விதிமுறைப்படி பார்த்தால் அரசு விலை. லோயாங் இடைநிலை நீதிமன்றத்தில் முப்பது வயது நீதிபதி லி ஹுய்ஜுவான் 2003 மே மாதம் தீர்ப்பு எழுதினார். மேலே உள்ள சட்டத்துக்கு முரணான கீழ்நிலை விதி தானாகவே செல்லாது என்று அதில் ஒரு வரி வைத்தார்.

நம் நாட்டில் இது எந்த நீதிபதியும் எழுதக்கூடிய வரி. அங்கே பூகம்பம் வந்தது. மாகாண மக்கள் காங்கிரஸின் நிலைக்குழு இதைக் கடுமையான அத்துமீறல் என்றது. மக்கள் காங்கிரஸ் இயற்றிய விதியைச் செல்லாது என்று சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்பது அவர்கள் வாதம். சீன அரசமைப்பின்படி நீதிமன்றம் மக்கள் காங்கிரஸுக்குப் பதில் சொல்ல வேண்டிய அமைப்பு, அதனால் வாதத்தில் தர்க்கமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நீதிபதியைப் பொறுப்பிலிருந்து விலக்க முடிவெடுத்தார்கள். செய்தி பத்திரிகையில் வந்தது, சட்டப் பேராசிரியர்களும் வழக்கறிஞர்களும் குரல் கொடுத்தார்கள், பிறகு அவர் பணிக்குத் திரும்பினார்.

முடிவைப் பாருங்கள்: மேல்முறையீட்டிலும் சந்தை விலைத் தீர்ப்பு நின்றது. மேல்நிலைச் சட்டத்தைத்தான் பின்பற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சத்தம் போடாமல் மேல்நிலைச் சட்டத்தைப் பின்பற்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. "செல்லாது" என்று எழுதியதுதான் குற்றம். நீதிமன்றத்தால் வியாபாரத் தகராறை நியாயமாகத் தீர்க்க முடியும், அரசு அமைப்பு ஒன்றைப் பார்த்துத் தவறு என்று சொல்ல முடியாது. சீனாவில் முதலீடு செய்பவர், கடன் வாங்குபவர், வழக்கு நடத்துபவர் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டிய எல்லைக்கோடு இது. எந்தச் சட்டப் பிரிவிலும் இது இப்படி எழுதப்பட்டிருக்காது.

அதே 2003இல் குவாங்சோவில் சுன் ஜிகாங் என்ற 27 வயது இளைஞர் தற்காலிகக் குடியிருப்பு அனுமதி அட்டை இல்லாமல் பிடிபட்டு, காவலில் அடிபட்டு இறந்தார். மூன்று இளம் சட்ட அறிஞர்கள், வெளியூர்க்காரர்களைப் பிடித்து வைக்கும் அந்த விதியே அரசமைப்புக்கு முரண் என்று மக்கள் காங்கிரஸுக்கு மனு எழுதினார்கள். மக்கள் காங்கிரஸ் அதற்குத் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. சில வாரத்தில் மத்திய அரசே அந்த விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விதி போனது, விதியைக் கேள்வி கேட்கும் வழி பிறக்கவில்லை. மனு எழுதிய மூவரில் ஒருவரான ஷூ ஜியோங் 2023இல் 14 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

இதெல்லாம் பெரிய விஷயம், வியாபாரிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். முத்திரை விவகாரத்தைச் சொல்கிறேன். சீன நிறுவனத்தின் முத்திரை போலீஸ் துறையில் பதிவானது. அது யார் கையில் இருக்கிறதோ அவர் நிறுவனத்தின் பெயரால் பேச முடியும். பிரிட்டனின் ஆர்ம் என்ற சிப் வடிவமைப்பு நிறுவனம், தன் சீனக் கூட்டு நிறுவனத்தின் தலைவரை நீக்க 2020 ஜூனில் இயக்குநர் குழுவில் வாக்களித்தது. அவர் போகவில்லை. முத்திரை அவரிடம் இருந்தது, சட்டப்பூர்வப் பிரதிநிதி என்று அரசுப் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது. வாக்களித்தவர்கள் 2022 ஏப்ரல் வரை கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். லண்டன் சட்ட நிறுவனங்களின் துணை உள்ள கம்பெனிக்கே இந்தக் கதி. சீனாவிலிருந்து இயந்திரம் இறக்குமதி செய்யும் கோயம்புத்தூர்த் தொழில்முனைவோர், எதிர்த்தரப்பு ஒப்பந்தத்தில் போட்ட முத்திரை பதிவான முத்திரைதானா என்று பார்க்கத் தெரிந்திருப்பது அவசியம்.

கதவுகள்

கோஹன் அகதிகளின் வாயிலிருந்து சட்டம் படித்தார் என்றேன். அரை நூற்றாண்டு கழித்து நிலைமை தலைகீழானது. சீன உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்புகளை இணையத்தில் ஏற்றத் தொடங்கியது. 2020க்குள் அங்கே பத்துக் கோடிக்கு மேல் ஆவணங்கள் சேர்ந்தன. விவாகரத்து வழக்கில் நீதிபதிகள் அடி வாங்கிய மனைவியை எப்படி நடத்துகிறார்கள், எந்த ஊரில் வெளியூர் நிறுவனம் தோற்கிறது என்பதையெல்லாம் எண்ணிச் சொல்ல முடிந்தது. ஆய்வாளர்களுக்குப் பெரும் கொடை அது. 2021க்குப் பிறகு புதிய தீர்ப்புகள் ஏறுவது வேகமாகக் குறைந்தது. நிர்வாக வழக்குகளும் மரண தண்டனை வழக்குகளும் கண்ணில் படாமல் போயின.

ஆட்களின் கதையும் அதுவே. 2015 ஜூலை 9 அன்று தொடங்கிய கைது நடவடிக்கையில் முந்நூறுக்கும் மேற்பட்ட வழக்கறிஞர்களும் அவர்களோடு வேலை செய்தவர்களும் விசாரணைக்கு இழுக்கப்பட்டார்கள். 2017 முதல், வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் பொதுப் பாதுகாப்பு அமைச்சகத்தில், அதாவது போலீஸிடம், பதிவு செய்ய வேண்டும். பொறுப்பேற்க ஒரு சீன அரசு அமைப்பும் வேண்டும். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் சட்டத் திட்டம் பெய்ஜிங் அலுவலகத்தை மூடிவிட்டது. 2018–19 கல்வியாண்டில் சீனாவில் படித்த அமெரிக்க மாணவர்கள் பதினோராயிரத்துக்கும் மேல், 2021–22இல் 211. பெருந்தொற்றுதான் உடனடிக் காரணம், ஆனால் பெருந்தொற்று போன பிறகும் பழைய கூட்டம் திரும்பவில்லை. மறுபக்கம், 2025 ஜூலையில் யுஎஸ்எய்ட் நிறுவனமே இல்லாமல் போனது. ஏழை நாடுகளில் நீதிபதிகளுக்கும் அரசு வழக்கறிஞர்களுக்கும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த எத்தனையோ திட்டங்கள் அதோடு நின்றன. சீனா ஒரு கதவைச் சாத்தியது, அமெரிக்கா இன்னொன்றைச் சாத்தியது. இடையில் நிற்பவை கடன் வாங்கிய நாடுகள்.

கடன் பத்திரத்தில் பயணிக்கும் சட்டம்

2021இல் நான்கு ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து, 24 நாடுகளோடு சீன வங்கிகள் செய்த 100 கடன் ஒப்பந்தங்களைத் திரட்டிப் படித்தன. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஆனா கெல்பெர்ன் அந்தக் குழுவில் முக்கியமானவர். 2014க்குப் பிந்தைய ஒப்பந்தங்கள் அத்தனையிலும் ரகசியக் காப்பு விதி இருந்தது. ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஒப்பந்தங்களில், கடன் கொடுத்த மற்ற நாடுகளோடு கூட்டாகச் செய்யும் கடன் சீரமைப்பில் இந்தக் கடனைச் சேர்க்கக் கூடாது என்ற பொருள்படும் விதி இருந்தது.

இலங்கைத் தமிழர்களுக்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும். 2022இல் இலங்கை கடன் கட்ட முடியாது என்று அறிவித்த பிறகு, இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் தலைமையில் மற்ற நாடுகள் ஒரு குழுவாக உட்கார்ந்தன. சீன எக்ஸிம் வங்கி அந்தக் குழுவில் சேரவில்லை. சுமார் 420 கோடி டாலர் கடனுக்கு 2023 அக்டோபரில் தனியாக உடன்பாடு பேசியது. ஒருவருக்குக் கொடுத்த சலுகை இன்னொருவருக்குத் தெரியாத நிலையில்தான் பேச்சு நடந்தது. எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்ற மக்களின் அடுத்த பத்தாண்டு வரிப்பணம் அந்த மேசைகளில் முடிவானது.

அம்பாந்தோட்டையையும் தவறாகவே சொல்லிக்கொண்டிருக்கிறோம். கடன் கட்டாததால் சீனா துறைமுகத்தைப் பிடித்துக்கொண்டது என்பதுதான் ஊர்ப்பேச்சு. 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது உண்மை, சைனா மெர்ச்சன்ட்ஸ் நிறுவனம் 112 கோடி டாலர் கொடுத்ததும் உண்மை. ஆனால் அந்தப் பணத்தால் துறைமுகக் கடன் அடையவில்லை. பணம் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது, எக்ஸிம் வங்கிக் கடன் இலங்கை அரசின் தலையில் அப்படியே இருந்தது. குத்தகை வேறு, கடன் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் கோபப்பட்டால் தவறான ஒப்பந்தத்தின் மேல் கோபப்படுவோம். யார் கையெழுத்துப் போட்டது, எந்தச் சட்டத்தின் கீழ், எந்த நடுவர் முன்பு என்று கேட்கத் தெரிந்தவர்கள் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் வேண்டும்.

பெய்ஜிங்கில் இருந்து வரும் கடன் எல்லாம் ஒரே மாதிரி என்றும் நினைக்க வேண்டாம். ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியின் தலைமையகம் பெய்ஜிங்தான். இந்தியா அதில் இரண்டாவது பெரிய பங்குதாரர்; சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்குக் கடன் தருபவர்களில் அதுவும் ஒன்று. பல நாடுகள் சேர்ந்து நடத்தும் வங்கி என்பதால் திட்ட ஆவணங்களை இணையத்தில் போடுகிறது. எக்ஸிம் வங்கி சீன அரசின் வங்கி, அதன் பத்திரம் பூட்டிய பெட்டி. ஒரே நகரத்திலிருந்து வரும் இந்த இரண்டு பணத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதே இந்தத் தொழிலின் அன்றாட வேலை.

நம் பிள்ளைகள் இந்த வழியில் போகலாமா

போகலாம் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் வழி நீளமானது. வெளிநாட்டவர் சீன வழக்கறிஞர் தேர்வு எழுத முடியாது, சீன நீதிமன்றத்தில் வாதாட முடியாது. அதனால் இந்தப் படிப்பு கறுப்பு கோட்டுக்குக் கொண்டுபோகாது. வங்கியின் சட்டப் பிரிவு, அரசின் கடன் பேச்சுவார்த்தைக் குழு, நடுவர் வழக்குகள், பல்கலைக்கழகம், ஆய்வு நிறுவனம் என்று வேறு வாசல்கள்தான் உண்டு. பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்த வேலைகள். நிதி வந்தால் வேலை, நிதி நின்றால் தேடல்.

மொழியில் சமரசம் கிடையாது. பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகம் உட்படச் சில இடங்களில் ஆங்கிலத்திலேயே சீனச் சட்டத்தில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. நல்ல தொடக்கம், அவ்வளவுதான். உச்ச நீதிமன்றம் வெளியிடும் விளக்கங்களும் அமைச்சகச் சுற்றறிக்கைகளும் சீன மொழியில்தான் வரும், பல சமயம் அவற்றில்தான் உண்மையான விதி இருக்கும். சாந்திநிகேதனில் 1937லிருந்து சீன பவனம் இருக்கிறது, ஜேஎன்யுவில் சீன மொழிப் பட்டப்படிப்பு இருக்கிறது, சென்னையில் ஐஐடியிலும் வெளியிலும் சீன ஆய்வு மையங்கள் உண்டு. பாதுகாப்பு, எல்லை, வெளியுறவு பற்றி அங்கே நிறையப் பேசுகிறார்கள். சட்டத்தைப் பற்றிப் பேசுவது மிகக் குறைவு. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரும் மாணவர் முதல் ஆண்டிலேயே சீன எழுத்துகளைத் தொடங்கினால், பட்டம் வாங்கும்போது ஒரு தீர்ப்பை அகராதியோடு படிக்கும் நிலைக்கு வந்துவிடலாம்.

உடனடித் தேவை நம் வாசலிலேயே இருக்கிறது. சீனாவில் வழங்கப்படும் நடுவர் தீர்ப்புகளை இந்தியாவில் நிறைவேற்ற வழிசெய்து மத்திய அரசு 2012இல் அறிவிக்கை வெளியிட்டது. அதாவது, குவாங்சோ கண்காட்சியில் கைகுலுக்கிவிட்டு, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் ஒப்பமிட்ட திருப்பூர் ஏற்றுமதியாளர், தகராறு வந்தால் பெய்ஜிங்கில் தோற்றுவிட்டு அதன் விளைவைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் சந்திக்க நேரிடலாம். பெய்ஜிங் விசாரணைக்கு அழைப்பு வரும்போது பதில் அனுப்பாமல் இருப்பது எவ்வளவு ஆபத்து, நடுவரை நியமிக்கும் உரிமையை எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், ஒப்பந்தம் பேசும்போதே சிங்கப்பூரை நடுவர் இடமாகக் கேட்டு வாங்க முடியுமா என்று அவருக்குச் சொல்ல ஊரிலேயே ஒருவர் இருந்தால் போதும். அந்த ஒருவர் இப்போது இரண்டாம் ஆண்டு சட்டம் படித்துக்கொண்டிருக்கும் யாராகவும் இருக்கலாம்.